எஞ்சின் இல்லாத பந்தயம்

உச்சி வெயிலில் பருந்து வட்டமிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது சிறகை அடிப்பதில்லை. ஆயினும் ஒவ்வொரு வட்டத்திலும் சற்று உயர்கிறது. போதிய உயரம் கிடைத்ததும் நேராகச் சறுக்கிச் சென்று கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. இதே வித்தையை மனிதர்கள் பந்தயமாகவே நடத்துகிறார்கள்!

இப்பந்தயத்தில் பறக்கும் ஊர்தியின் பெயர் ஹாங் கிளைடர். குழாய்ச் சட்டத்தின் மீது உறுதியான செயற்கை இழைத் துணியை இழுத்துக் கட்டிய இறக்கை அது. அதன் அகலம் ஏறத்தாழ 10 மீட்டர். விமானி அதன் கீழே குப்புறப் படுத்தபடி தொங்குகிறார். கையில் ஒரு முக்கோணச் சட்டம் இருக்கும். உடலை இடப்பக்கம் நகர்த்தினால் ஊர்தி இடப்பக்கம் திரும்பும். முன்னே நகர்த்தினால் வேகம் கூடும். ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் 1890-களில் உடலை அசைத்தே தம் கிளைடர்களைச் செலுத்தினார். முக்கோணச் சட்டம் பரவுவதற்குக் காரணமானவர், 1963-ல் அதைத் தம் ஊர்தியில் பொருத்திய ஆஸ்திரேலியர் ஜான் டிக்கென்சன்.

அன்றைய பாதை

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஃபோர்ப்ஸ் என்ற ஊர் உள்ளது. சுற்றிலும் வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் பரந்த சமவெளி. 2013 ஜனவரியில் ஹாங் கிளைடர் உலகப் போட்டி இங்குதான் நடந்தது. ஜனவரி அங்கே கோடைக்காலம்.

இத்தகைய போட்டியில் ஒவ்வொரு நாள் காலையிலும் வானிலையை ஆராய்ந்து அன்றைய பாதையை முடிவு செய்கிறார்கள். எங்கே தொடங்குவது, எந்தெந்த இடங்களைத் தொட்டுத் திரும்புவது, எங்கே முடிப்பது என்பதே அப்பாதை. அது பெரும்பாலும் 100 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. மலையில்லாத ஊரில் சிறு விமானமொன்று கயிறு கட்டி ஒவ்வொருவரையும் சில நூறு மீட்டர் உயரத்துக்கு இழுத்துச் சென்று விடுகிறது. அதன்பின் அவரவர் பாடு! பாதையைப் பின்பற்றினார்களா என்பதை ஜி.பி.எஸ். கருவி பதிவு செய்கிறது. அக்கருவி வருமுன் திருப்புமுனைகளை வானிலிருந்து புகைப்படம் எடுத்துவந்து காட்டினார்கள்.

காற்றே எரிபொருள்

வெயிலில் எல்லா நிலமும் ஒரே அளவில் சூடாவதில்லை. உழுத வயல் விரைவில் சூடேறுகிறது; ஈரமான புல்வெளி மெதுவாகவே சூடேறுகிறது. சூடான நிலத்தின் மீதுள்ள காற்று விரிவடைந்து, அடர்த்தி குறைந்து மேலெழுகிறது. இதையே தெர்மல் என்கிறோம். அதிலுள்ள நீராவி உயரத்தில் குளிர்ந்து பஞ்சுப்பொதி போன்ற மேகமாகிறது. ஆகவே அம்மேகம் தெர்மலுக்கு ஓர் அடையாளம். வட்டமிடும் கழுகும் அப்படியே. விமானியிடமுள்ள வேரியோமீட்டர் என்ற கருவி, ஊர்தி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை ஒலியால் அறிவிக்கும்.

ஒரு கணக்கு

தெர்மலில் ஏற வேண்டும்; பிறகு சறுக்கி முன்னேற வேண்டும். எவ்வளவு வேகமாகச் சறுக்குவது? இதுதான் பந்தயத்தின் உயிர்நாடி.

இருவரை எடுத்துக்கொள்வோம். பொறுமைசாலி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்குகிறார். 1 மீட்டர் இறங்குவதற்குள் 15 மீட்டர் முன்னேறுகிறார். அவசரக்காரரின் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். வேகம் கூடினால் காற்றின் தடை பெருகும். அவர் 1 மீட்டர் இறங்குவதற்குள் 11 மீட்டர்தான் செல்கிறார். இருவரும் 1500 மீட்டர் ஏறிவிட்டுச் சறுக்குவதாகக் கொள்வோம்.

தெர்மல் விநாடிக்கு 3 மீட்டர் உயர்த்தினால், ஏறுவதற்கு 8 நிமிடம் 20 விநாடி ஆகும். பொறுமைசாலி 27 நிமிடத்தில் 22.5 கிலோமீட்டர் சறுக்குகிறார். ஏறிய நேரத்தையும் சேர்த்தால் சராசரி வேகம் மணிக்கு 38 கிலோமீட்டர். அவசரக்காரர் சுமார் 14 நிமிடத்தில் 16.5 கிலோமீட்டர் செல்கிறார். அவருடைய சராசரி 44. அவசரக்காரருக்கே வெற்றி!

தெர்மல் விநாடிக்கு 1 மீட்டர் மட்டுமே உயர்த்தினால்? ஏறுவதற்கே 25 நிமிடம். இப்போது பொறுமைசாலியின் சராசரி 26; அவசரக்காரருக்கு 25.3. முடிவு தலைகீழாகிவிட்டது!

அடுத்த தெர்மல் வலுவானதென்றால் விரைந்து செல். வலுவற்றதென்றால் உயரத்தைச் சேமித்துக்கொள். இந்த விதியைக் கிளைடர் விமானிகளிடையே பரப்பியவர் அமெரிக்கரான பால் மக்ரீடி. வேரியோமீட்டரைச் சுற்றி ஒரு வளையம் பொருத்தி, எந்த வேகத்தில் பறக்கலாம் என்று பார்த்தவுடனே தெரியும்படி செய்தார். 1956-ல் கிளைடர் உலகப் போட்டியில் வென்ற இவரே, மனித ஆற்றலால் பறக்கும் கோசமர் காண்டர் விமானத்தை உருவாக்கி 1977-ல் புகழ்பெற்றார்.

ஆனால் அடுத்த தெர்மல் எப்படியிருக்கும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. முந்திச் சென்றவர் தெர்மல் கிடைக்காமல் ஏதோவொரு வயலில் இறங்கி நிற்க, பின்தங்கியவர் அவர் தலைக்கு மேலே பறந்து இலக்கை அடைவதுண்டு. தரைக்கு அருகில் வந்துவிட்டால் வேகத்தை மறந்து, கிடைத்த மெல்லிய ஏற்றத்திலும் பொறுமையாக வட்டமிட வேண்டும். அதே வேளையில் இறங்குவதற்கு நல்ல வயலையும் பார்த்து வைக்க வேண்டும்.

மிகுந்த ஏற்றமும் ஆபத்தே. 2007 பிப்ரவரியில் இதே மாநிலத்தின் மனில்லா என்ற ஊருக்கருகே, துணியாலான பாராகிளைடரில் பறந்த ஈவா விஷ்னியர்ஸ்கா என்ற வீராங்கனையை இடிமேகம் 9,900 மீட்டருக்கும் மேலே இழுத்துச் சென்றது. நினைவிழந்த அவர் பிழைத்தது அதிசயமே. அன்று மேகத்தில் சிக்கிய இன்னொரு வீரர் மாண்டார். ஆகவே இடிமேகம் திரண்டால் அன்றைய பந்தயத்தையே நிறுத்திவிடுவார்கள்.

மாணவர்களே, இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: தெர்மல் எந்த வேகத்தில் உயர்த்தினால் பொறுமைசாலியும் அவசரக்காரரும் சமமாவார்கள்? விநாடிக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர் என்ற விடை வந்தால், உங்கள் கணக்கு சரியே.