முகத்தைத் தொடாத வண்ணம்

கணக்குத் தொடங்கும் படிவத்தில் ஒட்டப்படும் புகைப்படத்திற்கு ஒரே கடமைதான் உண்டு: ஆளை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டுவது. வெண்ணிறப் பின்னணி, சமமான வெளிச்சம், சிரிக்காத முகம். வங்கிப் பணிக்கு அது போதும். ஆனால் வீட்டுப் பெரியவர் மறைந்தபின், நல்ல படம் வேறெதுவும் இல்லாமையால், அந்தச் சிறு படத்தையே பெரிதாக்கி மாலையிடும் குடும்பங்கள் நம் நாட்டில் பல. அவரது சாந்தமோ குறும்போ அதில் இராது.

முகத்துடன் மனநிலையையும் சேர்த்துச் சொல்ல ஒளிப்படக் கலைஞர்கள் கையாளும் எளிய கருவி, விளக்கின் முன் பொருத்தப்படும் வண்ணத் தாள். தொழிலில் இதனை ‘ஜெல்’ என்பர். முற்காலத்தில் நாடக மேடை விளக்குகளுக்கு ஜெலட்டினால் செய்யப்பட்டமையால் அப்பெயர் நிலைத்தது. இன்று வெப்பம் தாங்கும் பாலியெஸ்டர், பாலிகார்பனேட் தாள்களாகக் கிடைக்கிறது. ஒளிக்கு இத்தாள் எந்த நிறத்தையும் சேர்ப்பதில்லை. தன் நிறமல்லாத கதிர்களைத் தடுக்கிறது, அவ்வளவே. வணிகவியல் படித்தவன் மொழியில் சொன்னால், இக்கணக்கில் வரவு கிடையாது, கழிவு மட்டுமே. பகலொளியை மின்குமிழின் ஒளிபோல் மாற்றும் ஆரஞ்சுத் தாள் ஏறத்தாழப் பாதி ஒளியை விழுங்கிவிடும். அடர்நீலம் அதனினும் மிகுதியாக விழுங்கும்.

சுவைக்கு நிறம் வகுப்பது நமக்குப் புதிதன்று. நாட்டிய சாத்திரம் வெகுளிக்குச் செம்மையையும், அச்சத்திற்குக் கருமையையும், வியப்பிற்கு மஞ்சளையும் உரியனவாகக் கூறுகிறது. எனினும் இதனை வாய்பாடாகக் கொள்ளலாகாது. ஒரே சிவப்பு ஒரு படத்தில் திருவிழாவாகவும், மற்றொன்றில் அபாயமாகவும் தோன்றும்.

வண்ணத்தை எங்கே விழச் செய்வது என்பதே இக்கலையின் உயிர்நாடி. புதிதாகப் பழகுவோர் முகத்தின் மீதே நீலத்தையோ பச்சையையோ பாய்ச்சுகின்றனர். நம்மவரின் மாநிறத் தோல் செம்மையையும் மஞ்சளையுமே மிகுதியாகத் திருப்பியளிக்கும். பச்சை ஒளியில் அது நோயுற்றது போல் காணப்படும். முகத்திற்குரிய முதன்மை விளக்கைத் தாளின்றி விட்டுவிட்டு, பின்புறம் பக்கவாட்டில் வைக்கும் விளக்கிற்கும் பின்னணிச் சுவருக்கும் வண்ணம் தருவதே, என் கருத்தில், சிறந்த முறை. அமர்பவரைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டரேனும் தள்ளி அமர்த்துங்கள். இல்லையேல் முதன்மை விளக்கின் வெள்ளொளி சுவரில் விழுந்து நிறத்தை வெளிறச் செய்யும். நிறம் அடர்த்தியாக வேண்டுமெனில் பின்விளக்கின் வலிமையைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். பலருக்கும் இது வியப்பளிக்கும்.

அந்தி வேளைக்கு இதனினும் நுட்பமான வழியுண்டு. பகலொளியின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 5500 கெல்வின். ஸ்டூடியோ டங்ஸ்டன் விளக்கினுடையது 3200. மும்பை மரைன் டிரைவில் கதிரவன் மறைந்தபின் நிற்பவரைப் படமெடுப்பதாகக் கொள்வோம். கேமராவின் வைட் பேலன்ஸை டங்ஸ்டனுக்கு மாற்றினால் வானமும் கடலும் ஆழ்ந்த நீலமாகும். ஃபிளாஷின் மேல் ஆரஞ்சுத் தாளைப் பொருத்தினால் முகம் மட்டும் இயல்பான நிறத்தில் நிற்கும்.

இல்லத்தில் முயல்வதற்கு ஒரு சன்னலும் ஓர் எல்.ஈ.டி. விளக்கும் போதும். பரிசுப் பொட்டலம் சுற்றும் கண்ணாடித் தாளைச் சூடேறும் ஹாலஜன் விளக்கில் ஒருபோதும் சுற்றாதீர்கள். உருகும், தீப்பற்றவும் கூடும். பெரியவரைச் சன்னலோரம் அமர்த்தி, முதலில் தாளின்றி ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, பின்னர்த் தோளுக்குப் பின்னாலிருந்து மெல்லிய பொன்மஞ்சள் ஒளியைச் செலுத்திப் பாருங்கள். நரைத்த கூந்தல் அவ்வொளியை விளிம்பு முழுவதும் உடனே ஏற்கும். கருங்கூந்தலுக்கு மட்டும் விளக்கைச் சற்றே நெருங்க வைக்க வேண்டியிருக்கும்.