சொந்தக்கார நாரை

கோலக் கெடாவில் ஃபெர்ரி ஏறி லங்காவிக்குச் சுற்றுலா போகும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பந்தாய் செனாங்கில் இருக்கும் பெங்குவின்களைப் பார்க்காமல் திரும்ப மனம் வராது. 1995-இல் திறக்கப்பட்ட ‘அண்டர்வாட்டர் வேர்ல்ட்’ காட்சியகத்தில், கண்ணுக்கு மேலே மஞ்சள் இறகு சிலிர்த்து நிற்கும் ராக்ஹாப்பர் பெங்குவின்கள் உண்டு. தென்துருவப் பகுதியை ஒட்டிய தீவுகளின் பறவை அது. கெடா வெயிலில் அதை வைத்திருக்க ஆண்டு முழுக்க குளிரூட்டியாக வேண்டும்.

தேசிய மிருகக்காட்சிசாலையான ஜூ நெகாராவுக்கு 2014 மே மாதம் வந்த பாண்டா ஜோடிக்கும் குளிரூட்டிய வீடுதான். இங்கே மூன்று குட்டிகள் பிறந்தன; இரவல் காலம் முடிந்து 2025-இல் ஜோடி சீனாவுக்குத் திரும்பியது. புது விலங்கைத் தேர்ந்தெடுப்பது என்றதும் பேச்சு இப்படிப்பட்ட செலவுகளைச் சுற்றியே போகிறது. தீனி எங்கிருந்து வரும், கரண்டு பில் எவ்வளவு, கூட்டம் வருமா?

கூட்டத்தை இழுப்பதில் தப்பில்லை. ஆனால் பெங்குவினாலும் பாண்டாவாலும் வெளியே இருக்கும் மலேசியக் காட்டுக்கு ஒரு கெடுதலும் இல்லை. கதவு திறந்தாலும் அவற்றால் இந்த வெக்கையில் பிழைத்துப் பெருக முடியாது. உண்மையில் கவலைப்பட வேண்டியது, குளிரூட்டி கேட்காத, வந்த மறுநாளே ஊரோடு ஒட்டிக்கொள்ளும் விலங்கைப் பற்றித்தான்.

கெடா எல்லையைத் தாண்டித் தெற்கே, பேராக்கின் கிரியான் கரையில் கோலா குலா இருக்கிறது. அங்குள்ள சதுப்புநிலக் காடு பால்நாரையின் வீடு. வெள்ளை உடல், இறக்கை ஓரத்தில் கறுப்பு, மஞ்சள் அலகு. இரையைக் கண்ணால் தேடுவதைவிட அலகால்தான் அதிகம் தேடும்: பாதி திறந்த அலகைச் சேற்றிலும் வளைகளிலும் விட்டுத் துழாவும், சேற்றில் துள்ளும் மீன் அலகில் பட்ட கணமே கவ்விவிடும். 1984-இல் அங்கே நூற்றுக்கு மேல் எண்ணப்பட்ட பறவை, 2005-க்குள் பத்துக்கும் கீழே சரிந்துவிட்டது.

அதற்கு ஆதரவாக நின்றது ஜூ நெகாரா. அலோர் ஸ்டாரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான் 1963-இல் திறந்துவைத்த அந்த இடம், 1987-இல் உலகிலேயே முதன்முறையாகப் பால்நாரையைக் காப்பிடத்தில் குஞ்சு பொரிக்க வைத்தது. அங்கே வளர்ந்த பறவைகள் பிறகு கோலா சிலாங்கூரிலும் கோலா குலாவிலும் விடப்பட்டன. ஒரு மிருகக்காட்சிசாலை இதைவிடப் பெரிதாக என்ன செய்துவிட முடியும்?

சிக்கல் இன்னொரு நாரையால் வந்தது. வேடந்தாங்கலிலும் நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்திலும் கூடு கட்டும் சங்குவளை நாரை, தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பழகிய பறவை. மார்பில் கறுப்புப் பட்டை, வால் பக்கம் ரோஜா நிறம் என்று பார்க்க அத்தனை அழகு. மலேசிய, சிங்கப்பூர் காட்சிசாலைகள் அதையும் வாங்கி, கூண்டில் அடைக்காமல் பறக்கவிட்டன. பறவைக்கும் சுகம், பார்ப்பவருக்கும் சுகம். ஆனால் சங்குவளை நாரையும் பால்நாரையும் ஒரே பேரினம். உயிரியல் கணக்கில் நெருங்கிய பங்காளிகள். இரண்டும் இணைந்தன. பிறந்த குஞ்சுகளும் மலடில்லை. வளர்ந்து அவையும் முட்டையிட்டன.

முதல் தலைமுறைக் கலப்பினப் பறவையை இறகைப் பார்த்தே சொல்லிவிடலாம். அது மறுபடி பால்நாரையோடு சேர்ந்து இரண்டு மூன்று தலைமுறை கடந்துவிட்டால், வெளித்தோற்றம் அசல் பால்நாரையாகவே இருக்கும். 2019-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, இந்தக் கலப்பு பல அளவுகளில் ஊடுருவியிருப்பதைக் காட்டியது. அப்படியொரு பறவையைத் தெரியாமல் கோலா குலாவில் விட்டால், மிச்சமிருக்கும் காட்டுக் கூட்டத்தின் வம்சமே மாறிப்போகும்.

இது சங்குவளை நாரையின் குற்றமில்லை. அதன் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்று கேட்காமல் பறக்கவிட்டதுதான் பிழை. காட்சிசாலைகளுக்கு வம்சாவளிப் பதிவேடு புதிதல்ல. ஐரோப்பியக் காட்டெருமைக்கு 1932-லேயே அச்சிட்டார்கள். ஒரு புது இனத்துக்குக் கையெழுத்துப் போடும் முன், அதன் பேரினத்தைச் சேர்ந்த எது நம் காட்டிலோ கரையிலோ வாழ்கிறது என்ற கேள்விக்குப் பதில் அதற்கான கோப்பில் இருக்க வேண்டும். ஏற்கெனவே வந்துவிட்ட சங்குவளை நாரைகளை வலைக்கூரைக்குள் தனியே வைக்க வேண்டும். கோலா குலாவுக்குப் புறப்படும் ஒவ்வொரு பால்நாரையின் ரத்தமும் அதற்கு முன் பரிசோதிக்கப்பட வேண்டும்.