தராசில் ஓர் எடை, கிணற்றடியில் இன்னோர் எடை

2022இல் இலங்கையின் காஸ் தட்டுப்பாட்டில், வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்ற நாட்களில், கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அடிக்கடி காதில் விழுந்த கேள்வி: "மன்னார்க் கடலுக்கடியில காஸ் கிடக்குதாம், ஏன் எடுக்கேல்ல?" கிடப்பது உண்மைதான். (சிலிண்டரில் வருவது வேறு வாயு, அதை விடுவோம்.) 2011இல் கெயர்ன் லங்கா நிறுவனம் ஜப்பானின் 'சிக்யு' கப்பலைக் கொண்டுவந்து துளைத்தபோது டொராடோ, பராகுடா என்ற இரு கிணறுகளில் இயற்கை வாயு தென்பட்டது. எடுக்காததற்குப் பணக் கணக்குகள் பல உண்டு. என்னை இழுத்தது அந்தத் துளைக்குள் இறங்கிய சேறு.

கிணற்றுக்காரர்கள் அதை 'மட்' என்பார்கள். பேரைற் என்ற கனிமத்தின் தூள் கலந்த கனத்த திரவம். அதன் பாரம்தான் வாயுவை அடக்கி வைத்திருக்கிறது. பாரம் குறைந்தால் வாயு சீறிக்கொண்டு ஏறும். கூடினால் பாறை பிளந்து சேற்றை விழுங்கும்.

அடர்த்தியை அளக்கும் தராசு எளிமையானது. சின்னக் கிண்ணத்தில் சேற்றை நிரப்பி மூடியை அழுத்தினால், மூடித் துவாரத்தால் மிச்சம் பிதுங்கும். அதைத் துடைத்துவிட்டு, கோலின் மட்டக் குமிழி நடுவுக்கு வரும்வரை கோலில் எடையை நகர்த்த வேண்டும்.

தராசு காட்டும் எண் கப்பல் தளத்தோடு சரி. கீழே போகப் போக அமுக்கம் சேற்றை நெரித்து அடர்த்தியைக் கூட்டும். பூமிச் சூடு அதை விரித்துக் குறைக்கும். தண்ணீர்ச் சேற்றைவிட எண்ணெய்ச் சேறு இரண்டுக்கும் கூடுதலாக இளகிக் கொடுக்கும். சூடு மிகுந்த கிணறுகளில் பெரும்பாலும் சூடே வெல்கிறது. மன்னாரில் இடையில் கடலும் உண்டு: டொராடோவில் 1,354 மீற்றர் ஆழம். அடிக்கடலின் குளிரில் கனத்த சேறு, அதற்குக் கீழேதான் சூட்டைச் சந்திக்கும்.

இவ்வளவும் சில்லறை வித்தியாசம் என்று தள்ள முடியாது. பராகுடா சுமார் 4,700 மீற்றர்வரை போனது. அவ்வளவு நீளத்துக்கு, கன சென்ரிமீற்றருக்கு வெறும் 0.01 கிராம் பிசகினால் அடியில் ஏறக்குறைய 4.6 பார் வேறுபடும். கார் டயர் ஒன்றின் காற்றமுக்கத்தைப்போல் இரு மடங்கு. ஆகவே ஆழத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் சூட்டுக்கும் அமுக்கத்துக்கும் அடர்த்தியைக் கணித்துக் கூட்டுகிறார்கள்.

சேற்றைக் கிணற்றுக்குள் சுற்றி ஓடவிடும் பம்பை நிறுத்தும்போதுதான் வயிற்றைக் கலக்கும். ஓடும்வரை கிணற்றடியைக் குளிர்வித்த சேறு, நின்றதும் சூடேறி விரியும். மேலே, சேறு திரும்பிவரும் தொட்டியில் மட்டம் மெல்ல உயரும். வாயு உள்ளே புகுந்தாலும் அதே மட்டம் அப்படித்தான் உயரும். எது நடக்கிறதென்று தொட்டியருகே நிற்பவர் அந்தச் சில நிமிடங்களுக்குள் சொல்லியாக வேண்டும்.