எழுத்தில் வராத அசைவு
கல் முதல் கணினி வரை – 9

புதுக்கோட்டையிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் குடுமியான்மலை. சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய குடைவரைக்குப் பக்கத்தில், பாறையின் முகத்தில் 38 வரிகளில் சுரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். வெயில் சாயும் நேரத்தில் போனால் எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கி, ஒவ்வொரு சுரமும் எடுப்பாகத் தெரியும்.

எழுத்தமைதி 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பல்லவ கிரந்தம். ஏழு ராகங்களுக்கு ஏழு பகுதிகள். சுரங்கள் நான்கு நான்காக நிற்கின்றன. ருத்ராசாரியரின் சீடரான ஓர் அரசர், மாணவர்களின் நன்மைக்காக இவற்றைச் செய்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. ரிஷபம் ஒன்றே ர, ரி, ரு, ரெ என நான்கு விதமாக வருகிறது. மற்ற சுரங்களும் அப்படியே. சில சுரங்களின் தலையில் புள்ளியும் உண்டு. அறிஞர் பண்டார்கர் இதைக் கல்வெட்டு இதழான ‘எபிகிராபியா இண்டிகா’வின் 12ஆம் தொகுதியில் பதிப்பித்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்த உயிரெழுத்து மாற்றம் சுருதி நுட்பத்தைக் காட்டுகிறதா, தந்தியை மீட்டும் முறையைக் காட்டுகிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. சுரம் கிடைத்துவிட்டது, அதைப் பாடிய குரல் நமக்குக் கிடைக்கவில்லை.

இசைக்குறிப்பு மென்பொருளில் ஒரு கீர்த்தனையை எழுதி, ‘ப்ளே’ பொத்தானை அழுத்துகிறவர்களும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். சுரமும் தாளமும் பிசகாமல் வரும், ஆனால் பாட்டு வராது. ஒலித்தரத்தை எப்படிக் கூட்டுவது என்று வாசகர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி, ஒலித்தொகுப்பு. மென்பொருள் உருவாக்கும் மிடி (MIDI) கோப்பில் ஒலியே கிடையாது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்ற கட்டளைகள் மட்டும்தான் அதில் இருக்கின்றன. அந்தக் கட்டளையை ஒலியாக்குவது கணினியில் இருக்கும் ஒலித்தொகுப்பு. 1991இல் வந்த ‘ஜெனரல் மிடி’ பட்டியலில் 128 ஒலிகள். 105ஆவது இடத்தில் சிதார், 112இல் ஷெனாய். வீணைக்கும் நாகசுரத்துக்கும் இடமில்லை. கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிய மான்பூண்டியா பிள்ளையின் ஊர் புதுக்கோட்டை. அந்தக் கஞ்சிராவும் பட்டியலில் இல்லை. அதற்கு மிக அருகில் இருப்பது மேற்கத்திய டாம்பரின். அதில் ஜல்லி சிலிர்க்கும். ஆனால் தண்ணீர் தடவிய உடும்புத்தோலை இடக்கை விரல்கள் அழுத்தும்போது நாதம் வளைந்து குழைகிறதே, அந்தக் குழைவுக்கு டாம்பரினில் வழியே இல்லை.

அதனால் நல்ல ஒலித்தொகுப்பு (‘சவுண்ட்ஃபாண்ட்’) ஒன்றைத் தேடி மென்பொருளில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே செய்யலாம். ‘பாலிஃபோன்’ என்ற இலவச மென்பொருள் அதற்குப் போதும். அமைதியான அறையில் ஒரு வித்வானை உட்காரவைத்து, ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என மூன்று அளவில் வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். ஒரே பதிவைச் சத்தம் கூட்டிக் குறைத்துப் பயன்படுத்தினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். ஓங்கி அடித்த தோலின் நாதமும் தொட்டு அடித்த தோலின் நாதமும் குணத்திலேயே வேறு.

இரண்டாவது, அழுத்தம். மிடியில் இதை 1 முதல் 127 வரையான எண்ணால் சொல்கிறோம். குறிப்பில் நாம் எதுவும் எழுதாவிட்டால் மென்பொருள் எல்லாச் சுரத்துக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் கொடுத்துவிடும். சொல் எடுக்கும் இடத்தைச் சற்று உயர்த்தி, முடியும் இடத்தைத் தணித்துப் பாருங்கள். பல்லவி மூச்சுவிடத் தொடங்கும்.

மூன்றாவது, சுருதி. கணினி ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 100 ‘சென்ட்’ கொடுக்கிறது. அதன் அந்தர காந்தாரம் 400இல் நிற்கும். தம்புராவோடு இயல்பாக இழையும் காந்தாரமோ 386இல் இருக்கிறது. இந்த 14 சென்ட் வித்தியாசம்தான் தம்புரா ஒலியோடு சேர்க்கும்போது உறுத்துகிறது. சுருதித் திருத்தப் பகுதியில் அந்தச் சுரத்தை மட்டும் இறக்கிவிடலாம்.

நான்காவது படியே உயிர்நிலை. தோடியின் காந்தாரத்தைக் குறிப்பில் ‘க’ என்று ஒற்றை எழுத்தால் எழுதிவிடுகிறோம். பாடுகிறவர் குரலில் அது ஓரிடத்தில் நிற்பதில்லை. கீழே ரிஷபத்தையும் மேலே மத்யமத்தையும் தொட்டு அசைகிறது. இந்த அசைவை, அதாவது கமகத்தை, மிடியில் கொண்டுவரும் கருவி ‘பிட்ச் பெண்ட்’. அதன் வழக்கமான எல்லை மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம். தோடியின் சாதாரண காந்தாரத்திலிருந்து சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் உள்ள தூரம் அதேதான்! அந்த எல்லைக்குள் 16,384 படிகள் இருக்கின்றன. எந்தக் கமகத்துக்கும் இந்த நுட்பம் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்த வளைவு ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரத்தையும் சேர்த்தே வளைக்கும். பாட்டையும் தம்புராவையும் வேறு வேறு சேனலில் வையுங்கள். 2020இல் வந்த மிடி 2.0 ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க இடம் தருகிறது.

எதிரொலி சேர்ப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அசைவில்லாத சுரத்துக்கு எதிரொலி சேர்த்தால், அசைவில்லாத சுரம் மண்டபத்தில் கேட்கும், அவ்வளவுதான்.

கருவியில் படிகள் இருந்தாலும் அவற்றில் எப்படி ஏறி இறங்குவது என்பதைப் பாடத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். உங்கள் குருவின் பாடாந்தரத்தைக் கணினியில் ஏற்றும்போது அவரையே பக்கத்தில் உட்காரவைத்து, அவர் தலையசைக்கும்வரை அந்த வளைகோட்டைத் திருத்துங்கள். அவர் பாடிய பதிவையும் அதே கோப்போடு சேர்த்து வையுங்கள். குடுமியான்மலை அரசர் மாணவர்கள்மேல் அக்கறை வைத்துத்தான் கல்லில் வெட்டினார். அந்தச் சுரத்தலைப் புள்ளி எப்படி ஒலித்தது என்பதை அன்று பாடியவர்கள் அறிவார்கள். அதைச் சேர்த்து வைக்க அவர்களிடம் கருவி இல்லை. நம்மிடம் இருக்கிறது.

(தொடரும்)