நாலாயிரம் மைல் தாண்டி வந்த குரல்!

பின்லாந்து நாட்டின் வடகோடியில் லாப்லாந்து என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே இனாரி என்று ஒரு பெரிய ஏரி. குளிர்காலத்தில் அந்த ஏரி உறைந்து பாறை போல் ஆகிவிடும். எங்கு பார்த்தாலும் வெண்பனி. பனிக்கு நடுவே ஒரு சிறிய மரவீடு.

காலை மணி 7. ஆனால் வெளியே கும்மிருட்டு. டிசம்பர் மாதத்தில் அங்கே சூரியன் உதிப்பதே கிடையாது.

மரவீட்டுக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே ரேடியோப் பெட்டி. காதில் "ஹெட்போன்". இருவரும் மூச்சு விடவும் பயந்தவர்கள் போல் அசையாமல் இருக்கிறார்கள்.

ரேடியோவில் இருந்து வருவது பாட்டு அல்ல, பேச்சும் அல்ல. ஒரே இரைச்சல்! திருவிழாக் கூட்டத்தில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசினால் எப்படி இருக்கும்? அப்படி ஓர் இரைச்சல்.

திடீரென்று அந்த இரைச்சலுக்குள் இருந்து ஒரு குரல் மேலே எழுகிறது. நாலு எழுத்து. ஓர் ஊரின் பெயர். அவ்வளவுதான்! மறுபடியும் இரைச்சல் அதை மூடிவிடுகிறது.

இருவரும் துள்ளிக் குதிக்கிறார்கள். அந்தக் குரல் அமெரிக்காவில் ஒரு சிற்றூரில் இருந்து சுமார் 4 ஆயிரம் மைல் தாண்டி வந்த குரல்!

ஆறு அலைவரிசைகள்

இந்த வேட்டைக்காரர்கள் தேடுவது பெரிய நிலையங்களை அல்ல. பெரிய நிலையங்கள் தாமாகவே வந்து காதில் விழும். அமெரிக்காவில் 50 கிலோவாட் சக்தி உள்ள நிலையங்கள் பல உண்டு. இரவில் அவற்றின் ஒலி பல மாகாணங்களுக்குக் கேட்கும்.

இவர்கள் தேடுவது சின்னஞ்சிறு நிலையங்களை. அவற்றின் சக்தி ஒரே ஒரு கிலோவாட். வீட்டில் உள்ள ஓர் இஸ்திரிப் பெட்டி இழுக்கும் மின்சாரம்தான் அது!

இந்தச் சிறு நிலையங்களுக்கு என்று அமெரிக்காவில் ஆறு அலைவரிசைகளை ஒதுக்கி இருக்கிறார்கள். 1230, 1240, 1340, 1400, 1450, 1490 கிலோசைக்கிள் என்பவையே அந்த ஆறு. இன்று கிலோஹெர்ட்ஸ் என்று சொல்கிறோம்.

வட அமெரிக்க நாடுகள் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தின்படி, 1941-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி நூற்றுக்கணக்கான நிலையங்கள் ஒரே நாளில் இடம் மாறின. அன்று முதல் இந்த ஆறு அலைவரிசைகளும் சிற்றூர்களின் சொத்தாயின.

ஓர் அலைவரிசையில் எத்தனை நிலையங்கள் தெரியுமா? நூற்றுக்கும் மேல்! எல்லாம் ஒரே இடத்தில் நின்று பேசுகின்றன.

பகலில் இதனால் தொல்லை இல்லை. ஒவ்வொரு நிலையமும் தன் ஊருக்கு மட்டுமே கேட்கும். சந்தை நிலவரம், பள்ளிக்கூட விளையாட்டு, மளிகைக் கடை விளம்பரம் எல்லாம் தெளிவாகக் காதில் விழும்.

பொழுது சாய்ந்தால் கதையே மாறிவிடும். நூறு நிலையங்களின் ஒலியும் ஒன்றோடு ஒன்று மோதும். ஊரை விட்டுச் சில மைல் போனாலே சொந்த நிலையம் கூட்டத்தில் மறைந்துவிடும். அதனால் ரேடியோ ரசிகர்கள் இந்த ஆறுக்கும் "இடுகாடு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். குரல்கள் எல்லாம் அங்கே புதைந்துபோகின்றன அல்லவா!

ஆகாயக் கண்ணாடி

பகலில் கேட்காத ஒலி இரவில் எப்படி வருகிறது?

பூமிக்கு மேலே, காற்று மிகவும் மெலிந்த உயரத்தில், சூரிய ஒளி பட்டு மின்சாரம் ஏறிய அடுக்குகள் இருக்கின்றன. அவற்றில் கீழ் அடுக்கு ரேடியோ அலையைக் குடித்துவிடும். மேல் அடுக்கு கண்ணாடி போல் அதைத் திருப்பி அனுப்பும்.

சூரியன் மறைந்ததும் கீழ் அடுக்கு கலைந்துவிடுகிறது. மேல் அடுக்கு மிஞ்சுகிறது. இப்போது அலைகள் தடையின்றி மேலே போய், கண்ணாடியில் பட்டு, வெகு தொலைவில் இறங்குகின்றன. தரையில் பட்டு மறுபடியும் மேலே துள்ளுகின்றன. தரையில் அடித்த பந்து துள்ளித் துள்ளிப் போவது போலவே!

1901-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி, இங்கிலாந்தில் இருந்து அனுப்பிய ஒலிக்குறியைக் கடலுக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். பூமியோ உருண்டை. அலை எப்படி வளைந்து வந்தது என்று எல்லோரும் திகைத்தார்கள். மறு ஆண்டே, ஆகாயத்தில் மின் அடுக்கு ஒன்று இருக்கவேண்டும் என்று அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் சொன்னார்கள்.

அது உண்மை என்று 1924-ல் சோதனை செய்து காட்டியவர் ஆப்பிள்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி. அவருக்கு 1947-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

லாப்லாந்து மரவீட்டின் ரகசியம் இப்போது புரியும். அங்கே குளிர்காலத்தில் இரவு முடிவதே இல்லை. எனவே அந்தக் கண்ணாடிக்கு ஓய்வும் இல்லை. வேட்டைக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் ஓர் எதிரி உண்டு. வடதுருவ ஒளி! வானத்தில் பச்சையும் சிவப்புமாக அது ஆடினால் பார்ப்பதற்கு அழகு. ரேடியோவுக்கு அது ஆபத்து. அமெரிக்காவில் இருந்து வரும் அலைகளை அது விழுங்கிவிடும். மற்றவர்கள் அந்த ஒளியைக் காண ஆயிரக்கணக்கான மைல் பயணம் செய்து வருகிறார்கள். இவர்களோ அது வரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறார்கள்!

பனியில் நீண்ட கம்பி

கூட்டத்தில் ஒரு குரலை மட்டும் எப்படிப் பிரிப்பது? அதற்குச் சில வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, திசை. சாதாரண டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் கறுப்பு நிறத்தில் ஒரு கோல் இருக்கும். அதன்மேல் கம்பி சுற்றி இருக்கும். அந்தக் கோலின் பக்கவாட்டில் இருந்து வரும் ஒலி நன்றாகக் கேட்கும். அதன் முனைக்கு நேராக இருந்து வரும் ஒலி தேய்ந்துவிடும். தொல்லை கொடுக்கும் நிலையம் கோலின் முனைக்கு நேரே வரும்படி ரேடியோவைத் திருப்பினால் போதும். அதன் சத்தம் அடங்கும். பின்னால் மறைந்திருந்த நிலையம் தலைகாட்டும். செலவே இல்லாத தந்திரம் இது!

பின்லாந்து ரசிகர்களுக்கு இது போதாது. அரை மைலுக்கும் அதிகமான நீளத்தில் கம்பி கட்டுகிறார்கள். கம்பி எந்தத் திசையை நோக்கி நீண்டிருக்கிறதோ, அந்தத் திசை ஒலியை அது விரும்பி ஏற்கும். 1920-களின் தொடக்கத்தில் ஹரால்டு பெவரேஜ் என்ற அமெரிக்கர் கண்ட முறை இது. முழங்கால் அளவு பனியில், கடுங்குளிரில், மரத்துக்கு மரம் கம்பியை இழுத்துக்கொண்டு நடக்கவேண்டும். திசைக்கு ஒரு கம்பி!

இரண்டாவது வழி, நேரம். சூரியன் உதிக்கும் ஊர்களின் நிலையங்கள் ஒவ்வொன்றாக ஓயும். கிழக்கு அமெரிக்கா அடங்கினால் மேற்கு அமெரிக்கா கேட்கத் தொடங்கும். ஒரு நிலையத்தின் ஒலியும் ஒரே சீராக இராது. அலை போல ஏறும், இறங்கும். எந்த நிலையம் எப்போது ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது வழி, கடிகாரம். அமெரிக்க நிலையங்கள் மணிக்கு ஒரு முறை தங்கள் பெயரையும் ஊரையும் சொல்லவேண்டும் என்பது சட்டம். பெயர் என்பது சில எழுத்துக்கள். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பெரும்பாலும் "டபிள்யூ" என்று தொடங்கும். மேற்கே "கே" என்று தொடங்கும். மணி அடிக்கும் அந்தச் சில வினாடிகளில்தான் மீன் தூண்டிலில் விழவேண்டும்! தவறினால் இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்கவேண்டும்.

இப்போது கம்ப்யூட்டர் உதவிக்கு வந்துவிட்டது. அத்தனை அலைவரிசைகளையும் ஒரே சமயத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பிறகு வீட்டுக்குப் போய், மாதக்கணக்கில் உட்கார்ந்து, ஒவ்வொரு மணியின் பதிவாகக் கேட்கிறார்கள். கருவி மாறினாலும் காது மாறவில்லை. பொறுமையும் மாறவில்லை.

ஊரே வாய் மூடியது!

இந்தப் பைத்தியம் நேற்று வந்தது அல்ல. 1920-களில் அமெரிக்காவில் ரேடியோ புதிது. எவ்வளவு தூரத்து நிலையத்தைப் பிடித்தோம் என்பதே அப்போது பெருமை. சிகாகோ நகரத்து நிலையங்கள் திங்கட்கிழமை இரவில் ஒலிபரப்பை நிறுத்தின. ஏன் தெரியுமா? உள்ளூர்ச் சத்தம் இல்லாவிட்டால் மக்கள் வெளியூரைக் கேட்கலாம் அல்லவா!

1924-ம் ஆண்டு முதல் ரேடியோ ரசிகர்களுக்கு என்று தனி ஸ்டாம்புகளும் வந்தன. கேட்டதற்குச் சான்றும் 10 சென்ட் காசும் அனுப்பினால், நிலையம் தன் பெயர் அச்சிட்ட ஸ்டாம்பை அனுப்பும். குழந்தைகளும் பெரியவர்களும் அதை ஆல்பத்தில் ஒட்டி வைத்தார்கள்.

இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன பாட்டு, எந்தக் கடையின் விளம்பரம் என்று எல்லாவற்றையும் குறித்து நிலையத்துக்குக் கடிதம் எழுதுகிறார்கள். நிலையத்தார் சரி பார்த்து, "நீங்கள் கேட்டது எங்கள் நிலையத்தைத்தான்" என்று பதில் போடுகிறார்கள். பின்லாந்தில் இருந்து வரும் கடிதத்தைப் பார்த்து, முதலில் அவர்களே நம்புவது இல்லை!

கூட்டம் கலைகிறது

இந்த வேட்டையில் இப்போது ஒரு விசித்திரம் நடக்கிறது. ஐரோப்பாவில் மத்திய அலை நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஜெர்மனியிலும் பிரான்சிலும் அரசாங்க வானொலி 2015-ம் ஆண்டு முடிவோடு மத்திய அலையைக் கைவிட்டது. பக்கத்துச் சத்தம் குறைந்தது. தொலைதூரக் குரல் நன்றாகக் கேட்கத் தொடங்கியது.

ரசிகர்களுக்குக் கொண்டாட்டம்தானே? இல்லை. இன்று அண்டை வீட்டு விளக்கு அணைந்தது. நாளை எதிர் வீட்டு விளக்கும் அணையலாம். அமெரிக்காவிலும் சிறு நிலையங்கள் மூடப்படுகின்றன. வருமானம் குறைந்துவிட்டது. பல ஊர்களில் ஒலிபரப்பைவிட, கோபுரம் நிற்கும் நிலத்துக்கே விலை அதிகம்!

நிலையம் மூடப்பட்டால் வேட்டைக்காரர்களுக்கு ஒரு பொழுதுபோக்குதான் போகிறது. அந்த ஊருக்கோ வாயே போய்விடுகிறது. வெள்ளம் வந்தாலும், பனிப்புயல் வந்தாலும், பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்று சொல்லும் குரல் அது. மின்சாரம் போன வீட்டிலும் இரண்டு பாட்டரி இருந்தால் கேட்கும் குரல் அது.

ரசிகர்களின் பெட்டியில் பழைய பதில் கடிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றை எழுதிய நிலையங்களில் பல இன்று இல்லை. அந்த ஊர் ஒரு காலத்தில் பேசியது என்பதற்குச் சாட்சி, கடலுக்கு அப்பால் யாரோ வைத்திருக்கும் ஒரு காகிதம்!

லாப்லாந்து மரவீட்டில் மணி 8 ஆகப் போகிறது. இருவரும் மறுபடியும் காதைக் கூர்மையாக்குகிறார்கள். கடலுக்கு அப்பால் ஒரு சிற்றூரில், தூக்கக் கலக்கத்தோடு ஓர் அறிவிப்பாளர் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொள்கிறார். தன் ஊர் எல்லையைத் தாண்டி ஒருவருக்கும் கேட்காது என்று அவர் நினைக்கிறார்.

பனிக்கு நடுவே இரண்டு பேர் அவருக்காகக் காத்திருக்கிறார்கள்.