தக்காளிச் செடிக்கு மருந்தடிக்கும் முன்…

மாடியில் நாலு பையில் தக்காளி வளர்ப்பவர்கள், இலை சுருண்டதும் நேராக உரக்கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்து அடிக்கிறார்கள். நோய் என்னவென்று தெரியாமல் அடித்தால் பணம் போகும், நோய் போகாது. நஞ்சு பழத்தில் தங்கி நம் வீட்டு ரசத்துக்கே வந்து சேரும். நோயை அறிந்த பிறகே மருந்து என்பதை விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்படிக் கண்டறிவது?

நுனி இலைகள் சிறுத்து, மேல்நோக்கிச் சுருண்டு, செடி வளராமல் குட்டையாக நின்றால் அது இலைச்சுருட்டை வைரஸாக இருக்கலாம். செடியை லேசாகத் தட்டிப் பாருங்கள். இலையின் அடியிலிருந்து வெள்ளைப் பொடிப்பூச்சிகள் எழுந்து பறந்து மறுபடி உட்கார்ந்தால், அவைதான் இந்த வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈக்கள். இந்நோய்க்கு மருந்தே கிடையாது. செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்தினால் மற்ற செடிகள் பிழைக்கும்.

ஈரம் இருந்தும், இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று துவண்டுவிட்டதா? அடித்தண்டை அறுத்து, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை நீரில் படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் நூல் போல வெள்ளையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் மறுபடி நடக் கூடாது.

அடி இலைகளில் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி விழுந்தால் அது பூஞ்சையால் வரும் முன்பருவ இலைக்கருகல். புள்ளி விழுந்த இலைகளை உடனே கிள்ளி அகற்றுங்கள்.

பழத்தின் அடிப்பக்கம் கறுத்து அமுங்குவது தொற்றுநோய் அல்ல. சுண்ணாம்புச் சத்து பழத்துக்குப் போய்ச் சேராததால் வருவது. மண்ணைக் காயவிட்டுப் பிறகு ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றுவதே பெரும்பாலும் காரணம். இதற்குப் பூச்சிமருந்து அடிப்பது வீண்.

வருமுன் காக்க

• விதையைச் சூடோமோனாஸ் அல்லது டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்ப் பொடியில் புரட்டி விதையுங்கள்.
• பையில் வடிகால் துளை இருக்கட்டும். செடிகளுக்கு நடுவே காற்றோட்டம் விடுங்கள்.
• காலையில், வேர்ப்பகுதியில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்; இலை நனைய வேண்டாம்.
• வெள்ளை ஈயைப் பிடிக்க மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள்.

உங்கள் உரிமைகள்

1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் பெற்றவரே மருந்து விற்கலாம். உதிரியாகப் பாட்டிலில் ஊற்றித் தந்தால் வாங்காதீர்கள். லேபிளில் உள்ள நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கடும் நஞ்சு, மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும். அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதையும் படியுங்கள். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்தத் தடை உண்டு. யார் பரிந்துரைத்தாலும் மறுத்துவிடுங்கள்.

விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. வீட்டுத் தேவைக்கு வாங்கும் நாமும் நுகர்வோர்தான். ரசீதையும் விதைப் பாக்கெட்டையும் பத்திரப்படுத்துங்கள். தரமற்ற விதையோ போலி மருந்தோ தந்து ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம்.

நோய் எதுவென்று பிடிபடவில்லையா? 1800-180-1551 என்ற கட்டணமில்லாக் கிசான் அழைப்பு மையத்தில் தமிழிலேயே கேளுங்கள். அல்லது நோயுற்ற இலையை உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள். கேட்டுத் தெளிந்த பிறகு மருந்தைத் தொடுங்கள். அந்தப் பழத்தைச் சாப்பிடப்போவது உங்கள் பிள்ளைகள்.