கறி ஆக்கும் வினைச்சொற்கள்

‘கறி’ என்றதும் இக்காலப் பிள்ளைகள் பலர்க்கு இறைச்சியே நினைவில் எழும். காய்கறி, மரக்கறி என்னும் சொற்களை நாள்தோறும் வழங்கினும், அவற்றினுள் உறையும் கறியை எண்ணுவார் சிலரே. அகநானூற்றின் 149ஆம் பாட்டில், பொன் கொணர்ந்த யவனர் மரக்கலங்கள் முசிறியிலிருந்து ஏற்றிச் சென்ற பண்டம் ‘கறி’ எனப்படுகிறது. அங்கே கறியாவது மிளகு. மிளகாயோ, 1498இல் போர்ச்சுகீசியர் கள்ளிக்கோட்டையை அடைந்த பின்னரே அமெரிக்கக் கண்டத்தினின்று தமிழகம் வந்தது. மிளகைப்போல் உறைக்கும் காயாதலின் அப்பெயர் பெற்றது.

கறியின் சுவைக்கு ஊன் வேண்டுமென்பதில்லை. மசாலைப் பொருள்களும், அவை தீயை அடையும் முறையுமே சுவை தருவன. அம்முறையைத் தமிழ் வினைச்சொற்கள் தெளிவாகக் காட்டுகின்றன. நால்வர்க்குக் கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் வகைக்கு 250 கிராம் இட்டு ஆக்கும் கறியைக் கொண்டு இதனை விளக்கலாம்.

முதல் வினை வறுத்தல். மல்லி 2 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 5 ஆகியவற்றை எண்ணெயின்றி இளந்தீயில் வறுக்கவேண்டும். ஈரம் நீங்கி மணம் எழுந்ததும் இறக்குக, கருகினால் கசக்கும்.

அடுத்தது அரைத்தல். விதையின் மணம் அதன் எண்ணெயில் அடங்கியிருக்கிறது. அரைபட்டதும் அது வெளிப்பட்டுச் சிறிது சிறிதாகக் காற்றில் கலந்துவிடும். பல மாதம் திறந்து வைத்த தூளில் மணம் குன்றுவது இதனாலேயே. அன்றைய தேவைக்கு மட்டும் சிறிது நீர் தெளித்து அரைப்பது நன்று.

மூன்றாவது தாளித்தல். கடுகைப் பச்சையாக நீர் விட்டு அரைத்தால் மூக்கைத் துளைக்கும் காரம் பிறக்கும். காய்ந்த எண்ணெயில் வெடித்த கடுகில் அக்காரம் தோன்றாது. இனிய மணமே தோன்றும். கடுகு வெடித்தபின் கறிவேப்பிலையும் வெங்காயமும் இடுக.

நான்காவது வதக்கல். வதங்குதலாவது வாடுதல். வெங்காயம் வாடியபின், அரைத்த மசாலையையும் மஞ்சள் தூளையும் இட்டு, எண்ணெய் பிரியும்வரை கிளறவேண்டும். மசாலையின் மணப்பொருள்களுள் பல நீரைவிட எண்ணெயில் எளிதில் கரைவன. மஞ்சளின் நிறமும் அத்தகையதே. இந்நிலையைத் தாண்டி நேரே நீரில் கொட்டினால் பச்சை வாடை நீங்காது.

பின்னர் வேகவைத்தல். உருளைக்கிழங்கை இட்டுத் தேங்காயின் இரண்டாம் பாலை ஊற்றி மூடுக. அது பாதி வெந்ததும் கத்தரிக்காயைச் சேர்க்கலாம். புளிக்கரைசலை முன்னரே விட்டால் கிழங்கு வேகத் தாமதிக்கும். புளிப்பு காயை இளகவிடாது. ஆகவே காய் வெந்தபின் புளியும் உப்பும் சேர்த்து ஒரு கொதி விடுக. முதற்பாலை இறுதியில் ஊற்றி, தளதளவென்று கொதிக்குமுன் இறக்குக. இன்றேல் பால் திரியும்.

முதற்பால் விடாமல் குழம்பைச் சுண்ட வைத்துக் காயை மசாலையில் புரட்டி எடுப்பது மற்றொரு வகை. மலேசியத் தமிழர் இல்லங்களில் இதற்குப் ‘பிரட்டல்’ என்று பெயர். புரட்டுதல் பேச்சு வழக்கில் பிரட்டுதலாகி, உணவுக்கே பெயராயிற்று.

வறுத்தல், தாளித்தல், வதக்கல், பொரித்தல் ஆகிய அனைத்தையும் ‘பிரை பண்ணுதல்’ என்னும் ஒன்றில் அடக்கிப் பேசும் வழக்கம் பரவி வருகிறது. சொற்கள் நான்கும் ஒன்றானால், செயல்கள் நான்கும் ஒன்றாகிவிடும். ‘வதக்கு’ என்று தாய் சொல்வது மகளுக்கு விளங்காதபோது, கைப்பழக்கமாக வந்த அறிவும் அங்கேயே நின்றுவிடுகிறது. வினைச்சொல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் அடுக்களைச் சொற்களை எடுத்துக்காட்டாகக் கொள்வாராயின், மொழிப்பாடத்தோடு இவ்வறிவும் பிள்ளைகளைச் சென்றடையும்.